சரிசெய்யத்தக்க ஒளியிழை வடச் சுற்றுக்கருவி

சரிசெய்யத்தக்க ஒளியிழை வடச் சுற்றுக்கருவி என்பது ஒளியிழை வடத்தைக் குறிப்பிட்ட விட்டமுள்ள வளையங்களாகச் சுற்றப் பயன்படும் கருவி ஆகும். வடத்தின் தடிமனுக்கும் வகைக்கும் ஏற்ப வளையத்தின் விட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதே இதன் சிறப்பு. தொலைத்தொடர்பு, இணையச் சேவை, தொலைக்காட்சி ஒளிபரப்பு, படைத்துறைத் தகவல்தொடர்பு ஆகிய துறைகளில் இவ்வகைக் கருவிகள் பயன்படுகின்றன.

செம்புக் கம்பியை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே சுற்றுவது போல ஒளியிழை வடத்தைச் சுற்றக் கூடாது. அதன் உள்ளே இருப்பது கண்ணாடி. அளவுக்கு மீறி வளைத்தால் ஒளி வெளியே கசியும். மேலும் வளைத்தால் கண்ணாடியே பழுதடையும். ஆகவே வளையம் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதை வடத்தின் தன்மையே தீர்மானிக்கிறது. வடத்தை வைக்கும் பெட்டியில் இடம் குறைவு என்பதற்காக அந்த வரம்பைக் குறைக்க முடியாது. சுற்றுக்கருவி அந்த வரம்பை ஒரு திட்டமான அளவாக்கிப் பணியாளரின் கையில் தருகிறது.

உபரி வடத்தின் தேவை

ஒளியிழை வடம் இரண்டு இடங்களுக்கு இடையே மிகச் சரியான நீளத்தில் இழுத்துக் கட்டப்படுவதில்லை. கம்பங்களிலும் நிலத்தடி ஆள்நுழைவுத் தொட்டிகளிலும் கட்டடங்களின் உள்ளேயும் சில மீட்டர் முதல் பல மீட்டர் வரை வடம் உபரியாக விடப்படுகிறது. இதற்கு இரண்டு முதன்மையான காரணங்கள் உள்ளன.

முதலாவது, இழைகளை இணைக்கும் பணி. இரண்டு இழைகளின் முனைகளை மின்பொறியால் உருக்கி ஒட்டும் கருவியைக் கம்பத்தின் உச்சியில் வைத்து இயக்குவது கடினம். தூசியும் காற்றும் இல்லாத இடத்தில், மேசை மேல் வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. எனவே இணைப்புப் பெட்டியைத் தரைக்கு இறக்கி, அருகில் நிற்கும் வண்டி அல்லது கூடாரம் வரை கொண்டு செல்ல வேண்டும். கம்பம் 8 மீட்டர் உயரம் எனில், பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு வடத்திலும் அந்த 8 மீட்டரும் வண்டி வரையிலான தொலைவும் சேர்ந்த அளவு உபரி தேவைப்படும்.

இரண்டாவது, பழுதுபார்ப்பு. 24 இழைகள் கொண்ட வடம் ஒன்று லாரி மோதி அறுந்துவிட்டது எனக் கொள்வோம். அருகில் உபரி இருந்தால் அதை இழுத்து வந்து ஒரே இடத்தில் 24 இணைப்புகளைச் செய்து முடிக்கலாம். உபரி இல்லையெனில் இடையில் ஒரு புதிய துண்டு வடத்தைச் சேர்க்க வேண்டும்; அப்போது இரண்டு இடங்களில் மொத்தம் 48 இணைப்புகள் தேவைப்படும். வேலை நேரமும் ஒளி இழப்பும் அதற்கேற்பக் கூடும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் நோக்குடைய பாரத்நெட் திட்டத்தில் மின்கம்பங்கள் வழியாகவும் வடம் கொண்டு செல்லப்படுகிறது. இத்தகைய வான்வழித் தடங்களில் காற்று, மரக்கிளை, வாகனம் ஆகியவற்றால் வடம் அறுபடும் வாய்ப்பு மிகுதி. ஓர் ஊருக்கு ஒரே தடம் மட்டும் இருக்கும் இடத்தில், உபரி வடம் எந்நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இணைப்பு விரைவில் மீள்வதும் தாமதமாவதும் அமையும்.

வளைவினால் ஏற்படும் ஒளி இழப்பு

ஒற்றைமுறை ஒளியிழையின் நடுவே ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உள்ளகம் உள்ளது. அதைச் சுற்றி 125 மைக்ரோமீட்டர் விட்டம் வரை கண்ணாடி உறையும், அதற்கு மேல் பொதுவாக 250 மைக்ரோமீட்டர் விட்டம் வரை நெகிழிப் பூச்சும் இருக்கும். உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையினுடையதைவிடச் சற்றே அதிகம். இதனால் முழு அக எதிரொளிப்பு நிகழ்ந்து ஒளி உள்ளகத்திலேயே செல்கிறது.

இழை வளையும்போது, உள்ளகத்தின் எல்லையில் ஒளி படும் கோணம் மாறி, ஒரு பகுதி ஒளி உறைக்குள் கசிகிறது. கண்ணால் காணக்கூடிய வளைவுகளால் வருவது பெருவளைவு இழப்பு. இறுகக் கட்டிய பட்டை, நசுங்கிய உறை போன்றவற்றால் இழையில் தோன்றும் மிகச் சிறிய நெளிவுகளால் வருவது நுண்வளைவு இழப்பு. சுற்றும் வேலையில் இவை இரண்டும் ஏற்படக்கூடும்.

வளைவு இழப்பு, ஒளியின் அலைநீளம் கூடக் கூட மிகுகிறது. 1310 நானோமீட்டரில் தெரியாத வளைவு 1550 நானோமீட்டரில் தெளிவாகத் தெரியும். வீடுகளுக்கான ஜிபான் வகை இணைப்பில் வீட்டிலிருந்து செல்லும் ஒளி 1310 நானோமீட்டரிலும், வீட்டுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டரிலும் இயங்குகின்றன. ஆகவே இறுகிய வளையம் ஒரே வடத்தில் ஒரு திசையை அதிகமாகவும் மறுதிசையைக் குறைவாகவும் பாதிக்கலாம். அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் அமைப்பில் வீட்டுக்கு வரும் ஒளி 1577 நானோமீட்டர் ஆகும். பழைய அமைப்பில் சிக்கலின்றி இயங்கிய சுருள், கருவிகளை மேம்படுத்திய பிறகு தொல்லை தருவதற்கு இது ஒரு காரணம்.

இழப்பு டெசிபல் அலகில் அளக்கப்படுகிறது. 3 டெசிபல் இழப்பில் ஒளி பாதியாகக் குறைகிறது; 0.5 டெசிபல் இழப்பில் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைகிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.652 பரிந்துரையின் டி வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்தில் 100 சுற்றுகள் சுற்றினாலும் 1625 நானோமீட்டரில் இழப்பு 0.1 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த ஆரத்தைவிடச் சிறிதாக வளைக்கும்போது இழப்பு சீராக ஏறுவதில்லை; திடீரெனப் பல மடங்காகிறது.

வளைவைத் தாங்கும் இழைகள்

கட்டடங்களுக்குள் சுவர் மூலைகளிலும் சிறு பெட்டிகளிலும் வடத்தை வளைக்க வேண்டியிருப்பதால், வளைவைத் தாங்கும் இழைகள் உருவாக்கப்பட்டன. இவற்றுக்கான ஜி.657 பரிந்துரை 2006 இல் வெளியானது. இதில் ஏ1 வகைக்கு 10 மில்லிமீட்டர், ஏ2 வகைக்கு 7.5 மில்லிமீட்டர், பி3 வகைக்கு 5 மில்லிமீட்டர் வரையிலான ஆரங்களில் இழப்பின் வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. ஏ2 வகை இழையை 7.5 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று சுற்றினால் 1550 நானோமீட்டரில் இழப்பு 0.5 டெசிபலுக்குள் இருக்க வேண்டும்.

இவ்வகை இழை வந்தபின் சுற்றுக்கருவி தேவையில்லை என்று கருதுவது தவறு. வளைந்த இழையின் வெளிப்பக்கக் கண்ணாடி இழுபடுகிறது. கண்ணாடியின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் அந்தத் திரிபின் அளவு கிடைக்கும். 30 மில்லிமீட்டர் வளைவில் இது ஏறத்தாழ 0.2 விழுக்காடு, 7.5 மில்லிமீட்டர் வளைவில் ஏறத்தாழ 0.8 விழுக்காடு. தொழிற்சாலையில் இழையின் வலுவைச் சோதிக்க ஒரு கணம் மட்டும் தரப்படும் திரிபே ஏறத்தாழ 1 விழுக்காடுதான். அதற்கு நெருக்கமான திரிபில் இழை ஆண்டுக்கணக்கில் இருந்தால், கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள நுண்விரிசல்கள் ஈரத்தின் துணையோடு மெல்ல வளர்ந்து ஒருநாள் இழை உடையலாம்.

சாதாரண இழையை இறுக்கமாகச் சுற்றினால் ஒளி உடனே குறைந்து, தவறு நடந்திருப்பதை அளவி காட்டிவிடும். வளைவைத் தாங்கும் இழையில் ஒளி குறையாமல் செல்வதால் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. கண்ணாடியின் மீதான சுமை மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே இத்தகைய இழைகளுக்கு வளையத்தின் அளவைக் கருவி கொண்டு உறுதிசெய்வது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

குறைந்தபட்ச வளைவு ஆரம்

தனி இழையின் வரம்பு வேறு, வடத்தின் வரம்பு வேறு. வடத்தில் இழைகளைத் தாங்கும் குழாய்கள், வலுவூட்டும் தண்டு, வெளியுறை ஆகியவை உள்ளன. சிறிய ஆரத்தில் வளைத்தால் குழாய் மடிந்து இழைகளை நசுக்கும். எனவே வடத்தின் வளைவு ஆரம் அதன் வெளி விட்டத்தின் மடங்காகக் குறிப்பிடப்படுகிறது. பரவலாகப் பின்பற்றப்படும் விதி பின்வருமாறு:

- இழுவிசை இல்லாமல் ஓய்வில் இருக்கும் வடம்: வெளி விட்டத்தைப் போல் 10 மடங்கு ஆரம்.
- இழுக்கப்பட்டுக்கொண்டிருக்கும் வடம்: வெளி விட்டத்தைப் போல் 20 மடங்கு ஆரம்.

தயாரிப்பாளரின் விவரத்தாளில் வேறு மதிப்பு தரப்பட்டிருந்தால் அதையே கொள்ள வேண்டும். தட்டையான வடங்கள் மெல்லிய பக்கமாகவே எளிதில் வளையும் என்பதால் அவற்றுக்கு அந்தப் பக்கத்தின் தடிமனைக் கொண்டு கணக்கிடுவர்.

எடுத்துக்காட்டாக, 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள வடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு நிலையில் அதன் ஆரம் 120 மில்லிமீட்டர். அதாவது வளையத்தின் விட்டம் 240 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இழுத்துச் சுற்றினால் ஆரம் 240 மில்லிமீட்டர். விட்டம் 480 மில்லிமீட்டர். விட்டம் 480 மில்லிமீட்டர் எனில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் வடம் செல்லும். 20 மீட்டர் உபரியைச் சுற்ற 13 சுற்றுகள் போதும். 240 மில்லிமீட்டர் எனில் ஒரு சுற்றுக்கு 0.75 மீட்டர், ஏறத்தாழ 27 சுற்றுகள் தேவைப்படும். இதே பணியாளர் அடுத்த கம்பத்தில் 6 மில்லிமீட்டர் வடத்தைக் கையாள நேரிட்டால் இந்த ஆரங்களும் விட்டங்களும் பாதியாகும். ஒரே கருவியில் விட்டத்தை மாற்றும் வசதி தேவைப்படுவது இதனால்தான்.

கருவியின் அமைப்பு

கையால் இயக்கும் சுற்றுக்கருவி வண்டிச் சக்கரத்தை ஒத்தது. நடுவில் குடமும் அதிலிருந்து வெளியே செல்லும் ஆரக்கால்களும் இருக்கும். ஒவ்வோர் ஆரக்காலிலும் நகர்த்தக்கூடிய தாங்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வடம் இந்தத் தாங்கிகளின் மேல் சுற்றப்படும். நெசவுத் தொழிலில் வெவ்வேறு அளவுள்ள நூல் சிட்டங்களை மாட்டுவதற்கு விரிந்து சுருங்கும் சக்கரத்தின் கருத்தும் இதுவே. முதன்மையான பகுதிகள்:

- விட்டத்தை மாற்றும் பகுதி: ஆரக்காலில் வரிசையாக உள்ள துளைகளில் ஊசியைச் செருகித் தாங்கியைப் பூட்டுவது எளிய முறை. நடுத் திருகைச் சுழற்றினால் எல்லாத் தாங்கிகளும் ஒரே அளவில் விரிவது மற்றொரு முறை.
- தாங்கி: வடம் நேரடியாகப் படும் பகுதி. இதன் மேற்பரப்பு வழவழப்பாகவும் வளைவாகவும் இருக்க வேண்டும்.
- பக்கத் தட்டு: சுற்றுகள் நழுவி விழாமல் தடுக்கும். ஒரு பக்கத் தட்டைக் கழற்ற முடிந்தால் சுருளை எளிதில் எடுக்கலாம்.
- கைப்பிடி: குடத்தைச் சுழற்ற உதவும்.
- அளவுகோல்: தற்போதைய விட்டத்தைக் காட்டும். கோடுகள் ஆரத்தைக் குறிக்கின்றனவா விட்டத்தைக் குறிக்கின்றனவா என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் வளையம் பாதி அளவாகிவிடும்.

தாங்கியின் வடிவம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. நான்கு மெல்லிய முளைகளைச் சுற்றி வடத்தை இழுத்தால் உருவாவது வட்டம் அன்று, சதுரம். அளவுகோல் 480 மில்லிமீட்டர் என்று காட்டினாலும் நான்கு மூலைகளிலும் வடம் முளையின் ஆரத்துக்கே வளைந்திருக்கும். எனவே நல்ல கருவியில் ஆறு அல்லது எட்டு ஆரக்கால்களும், முளைகளுக்குப் பதிலாக வில் போன்ற அகன்ற தாங்கிகளும் இருக்கும். தாங்கியின் வளைவும் வடத்தின் குறைந்தபட்ச ஆரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

விட்டத்தை மாற்றும் வசதிக்கு இன்னொரு பயனும் உண்டு. சுற்றி முடித்த சுருள் கருவியை இறுகப் பிடித்திருக்கும். தாங்கிகளைச் சற்றே உள்ளே இழுத்தால் சுருள் தளர்ந்து தானாகக் கழன்று வரும். அடித்தோ நெம்பியோ எடுக்கும் தேவை இல்லை.

முறுக்கம்

வளைவைப் போலவே முறுக்கமும் வடத்துக்குக் கேடு. தரையில் கிடக்கும் அசையாத சுருளின் பக்கவாட்டிலிருந்து வடத்தை உருவினால், ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை முறுக்கம் வடத்தில் சேரும். இந்த முறுக்கம் ஓரிடத்தில் திரண்டு வடத்தைக் கண்ணி போல மடித்துவிடும். சுருளைச் சுழலவிட்டு வடத்தை எடுத்தால் முறுக்கம் சேராது. சுழலும் குடமுள்ள கருவி, சுற்றும்போதும் அவிழ்க்கும்போதும் இந்த நன்மையைத் தருகிறது.

நீளமான வடத்தைத் தரையில் கிடத்த வேண்டியிருந்தால் எட்டு வடிவில் இடுவர். எட்டின் ஒரு பாதி வலப்புறமாகவும் மறுபாதி இடப்புறமாகவும் செல்வதால், ஒன்றில் சேரும் முறுக்கத்தை மற்றொன்று நீக்கிவிடுகிறது.

இரண்டு முனைகளும் ஏற்கெனவே இணைக்கப்பட்ட வடத்தின் நடுவே உள்ள உபரியைச் சுற்றுவதற்கு வேறு முறை தேவை. அங்கு உபரியின் நடுப்புள்ளியைக் கருவியின் மையத்தில் உள்ள வளைவான வழிகாட்டியில் வைத்து, இரண்டு பக்க வடங்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் சுற்றுவர். நடுவில் வடம் திரும்பும் இடத்திலும் குறைந்தபட்ச ஆரம் காக்கப்பட வேண்டும். வான்வழித் தடங்களில், கம்பியில் மாட்டப்படும் துடுப்பு வடிவச் சட்டங்களும் இதே வேலையைச் செய்கின்றன. இரு முனைகளில் மாட்டப்பட்ட சட்டங்களின் விளிம்பில் வடம் திரும்பி, கம்பியோடு இணையாக ஓடி, மீண்டும் திரும்புகிறது. வளைவின் அளவைச் சட்டத்தின் வடிவமே கட்டுப்படுத்துகிறது.

வகைகள்

- கைச் சட்டம்: கம்பம் அல்லது தொட்டி அருகே சில மீட்டர் உபரியைச் சுற்ற உதவும் எளிய வகை.
- எடுத்துச் செல்லும் உருளை: படைத்துறையிலும் நேரடி ஒளிபரப்பிலும் வடத்தை விரித்து, வேலை முடிந்ததும் திரும்பச் சுற்றி எடுக்கப் பயன்படும். வடம் பலமுறை சுற்றப்படுவதால் உருளையின் உள்விட்டம் தாராளமாக அமைக்கப்படும்.
- விரியும் நடுத்தண்டு உள்ள இயந்திரம்: தொழிற்சாலைகளில் பேட்ச் கார்டு வடங்களை நீளம் அளந்து, எண்ணிக்கைப்படி சுற்றித் தரும். மின்மோட்டாரால் இயங்குவதால் இழுவிசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இதில் இன்றியமையாதது.
- பெரிய மர அல்லது எஃகு உருளைகளுக்கான தாங்கி: கிலோமீட்டர் கணக்கில் வடம் உள்ள உருளைகளைத் தூக்கிச் சுழலவிடும். வெவ்வேறு அகலமும் உயரமும் உள்ள உருளைகளுக்கு ஏற்ப இதன் கால்களும் அச்சும் சரிசெய்யப்படும்.

மிகப் பெரிய அளவிலும் இதே கொள்கை பின்பற்றப்படுகிறது. கடலடி வடம் இடும் கப்பல்களில் வடம் பெரிய வட்டத் தொட்டிகளில் அடுக்கடுக்காகச் சுற்றி வைக்கப்படுகிறது. தொட்டியின் நடுவில் ஒரு கூம்பு நிறுத்தப்பட்டிருக்கும். உள்வளையம் அந்தக் கூம்பைவிடச் சிறியதாக முடியாது என்பதால், வடம் வரம்புக்கு மேல் வளைவது தடுக்கப்படுகிறது.

பயன்படுத்தும் முறை

1. வடத்தின் உறையில் அச்சிட்டுள்ள வகையையும் விவரத்தாளில் உள்ள குறைந்தபட்ச ஆரத்தையும் பார்த்து, அதன் இருமடங்கைவிடச் சற்றுக் கூடுதலான விட்டத்தைக் கருவியில் அமைக்க வேண்டும்.
2. எல்லாத் தாங்கிகளும் ஒரே அளவில் பூட்டப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.
3. உருளையிலிருந்து வந்த வடத்துக்கு இயல்பான சுருளும் திசை இருக்கும். அதே திசையில் சுற்றினால் வடம் எதிர்த்து நிற்காது.
4. கையால் வழிகாட்டும் அளவுக்கு மட்டும் இழுவிசை கொடுத்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறாமல் பக்கத்தில் பக்கமாக அடுக்க வேண்டும்.
5. மூன்று அல்லது நான்கு இடங்களில் வெல்குரோ பட்டையால் தளர்வாகக் கட்ட வேண்டும். கேபிள் டையை இறுக்கிக் கட்டினால் நுண்வளைவு இழப்பு தோன்றும்.
6. தாங்கிகளைத் தளர்த்திச் சுருளை எடுத்து, அதே விட்டம் மாறாமல் மாட்ட வேண்டும். சரியாகச் சுற்றிய சுருளை நீள்வட்டமாக நசுக்கிப் பெட்டிக்குள் திணித்தால் முன்செய்த வேலை வீணாகும்.

தவறான சுற்றைக் கண்டறிதல்

ஓடிடிஆர் எனப்படும் அளவி, வடத்துக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு எத்தனை மீட்டரில் எவ்வளவு இழப்பு என்பதைக் காட்டுகிறது. ஒரே வடத்தை 1310, 1550 ஆகிய இரண்டு அலைநீளங்களிலும் அளப்பது வழக்கம். ஓரிடத்தின் இழப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அங்குள்ள உருக்கிணைப்பு சரியில்லை என ஐயுறலாம். 1550 இல் மட்டும் இழப்பு மிகுந்திருந்தால் அங்கு இறுகிய வளைவு உள்ளது என்று பொருள். பணி முடிந்த அன்று 1310 நானோமீட்டரில் மட்டும் அளந்து ஒப்படைக்கப்பட்ட தடத்தில் இத்தகைய பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். குறுகிய தடங்களில், உறை மெல்லியதாக இருந்தால் சிவப்பு ஒளிப் பேனாவின் ஒளியை உள்ளே செலுத்தியும், வளைந்த இடத்தில் அது கசிவதைப் பார்க்கலாம்.

வேண்டுமென்றே வளைத்தல்

அளவீட்டில் சில வேளை இழை வேண்டுமென்றே இறுக்கமாகச் சுற்றப்படுகிறது. பன்முறை இழைகளின் இழப்பை அளக்கும்போது, ஒளிமூலத்திலிருந்து உள்ளகத்தின் விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒளி அளவீட்டைத் திரிக்கும். அதை நீக்குவதற்காகச் சோதனை வடத்தைச் சிறிய உருளைத் தண்டில் ஐந்து முறை சுற்றுவர். அமெரிக்கத் தர விதிகளின்படி, 3 மில்லிமீட்டர் உறையுள்ள வடத்துக்குத் தண்டின் விட்டம் 50 மைக்ரோமீட்டர் உள்ளக இழையில் 22 மில்லிமீட்டர், 62.5 மைக்ரோமீட்டர் இழையில் 17 மில்லிமீட்டர். இழையை வெட்டாமலே அதில் ஒளி செல்கிறதா என்று காட்டும் கவ்வி வகைக் கருவியும் இழையைச் சற்றே வளைத்து, கசியும் ஒளியை உணர்ந்தே செயல்படுகிறது. இவை அளவறிந்து, அளக்கும் நேரத்துக்கு மட்டும் செய்யப்படும் வளைவுகள். வடத்தைச் சேமிக்கும் சுருளுக்கு இந்த அளவுகள் பொருந்தா.

பாதுகாப்பு

தொலைத்தொடர்பில் பயன்படும் ஒளி அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒளி செல்லும் வடத்தின் திறந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. வெட்டிய இழைத் துணுக்குகள் தோலில் எளிதில் குத்தும் என்பதால் அவற்றை மூடியுள்ள கலத்தில் சேர்க்க வேண்டும். சுருளைக் கம்பத்தில் மாட்டும்போது மின்கம்பிகளிலிருந்து விதிப்படியான இடைவெளி விட வேண்டும்.